கொன்றைப்பூ பூக்கும் கதவு: தக்கலைப் பயணக் குறிப்புகள்

சனி, தக்கலை

நாகர்கோவில் வடசேரியில் மார்த்தாண்டம் பஸ் ஏறினால் பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி தாண்டி தக்கலை. ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பார்த்துச் சொல்ல முடியாத சாலை. தக்கலையில் இறங்கி, பத்மநாபபுரம் போகும் பாதையில் கொஞ்சம் உள்ளே தள்ளி நடந்தால் நான் தேடி வந்த மரப்பட்டறை. ஓடு வேய்ந்த கொட்டகை. வாசலிலேயே பலாமர வாசனை.

இங்கே ஒரு அலமாரி தயாராகிறது. நாகர்கோவிலில் ஒரு வீட்டுக்கு, சித்திரை விஷுவுக்குள் கொடுத்தாக வேண்டும். இரண்டு கதவு. இரண்டிலும் மேலிருந்து கொன்றைப்பூக் கொத்துகள் தொங்கும். வண்ணம் தீட்டிய பூ இல்லை, செதுக்கிய பூவும் இல்லை. மஞ்சள் மரம், வெள்ளை மரம், கரும்பழுப்பு மரம் என்று பலவற்றை மெல்லிய ஏடுகளாக அறுத்து, இதழ் இதழாக வெட்டி, ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்த்து, அந்த முழுப் படத்தையும் கதவுப் பலகையில் ஒட்டுகிறார்கள். மார்க்கெட்ரி என்பது இதுதான். மைசூர் ஈட்டிமர (ரோஸ்வுட்) வேலை பலருக்குத் தெரிந்திருக்கும், அது வேறு. அங்கே கட்டை மரத்தில் குழி எடுத்து, அந்தக் குழிக்குள் வேறு நிற மரத்தைப் பதிக்கிறார்கள். இங்கே குழி கிடையாது. பின்னணியும் பூவும் ஒரே கனத்தில், அக்கம்பக்கமாக இருக்கும்.

நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை. மூத்தாசாரி எழுபதைத் தாண்டியவர். கதவு, நிலை, கட்டில், தொட்டில் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் கை படாத வீடு குறைவு. படம் வெட்டுகிறவர் கேரளத்துப் பாறசாலையில் இருந்து தினமும் எல்லை தாண்டி வருகிற அக்கா. படத்துக்கு நிழல் கொடுப்பதும் பித்தளைப் பிடி, கீல் வேலையும் குழித்துறைத் தம்பி. மைசூரில் தொழில் படித்தவர். பாலிஷுக்கு இன்னொரு அண்ணாச்சி உண்டு, அவர் வியாழக்கிழமைதான் வருவாராம்.

"வாருங்கோ மக்களே, சாயா குடிச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மூத்தாசாரி டம்ளரை நீட்டினார். பேச்சு நேராக வெனீருக்கு வந்தது. மெல்லிய மர ஏட்டுக்குத்தான் அந்தப் பெயர். "இந்தப் பிள்ளை முதல்ல வந்து வெனீர்னு சொன்னப்ப எனக்குப் பிடிக்கல்ல. ஒட்டுப்பலகை வேலைக்கா நான் உளி பிடிச்சேன்னு கேட்டேன். கட்டை மரத்துல செய்ததுதான் சாமான், மத்ததெல்லாம் மேல்பூச்சுன்னு நினைச்சவன் நான்."

மனசு எப்படி மாறியது என்று கேட்டேன். அக்கா சிரித்தார். "கணக்குப் போட்டுக் காட்டினேன், அவ்வளவுதான்."

அந்தக் கணக்கு இது. ஒரு இஞ்சு கனமுள்ள ஈட்டிப் பலகை என்றால் 25 மில்லிமீட்டர். அதை ஒன்றரை மில்லிமீட்டர் ஏடாக அறுத்தால், வாள் தின்கிற ஒரு மில்லிமீட்டரையும் சேர்த்து, பத்து ஏடு கிடைக்கும். கட்டை மரமாக வைத்தால் ஒரு கதவுக்குப் பத்தாத பலகை, ஏடாக அறுத்தால் இரண்டு கதவுக்கும் போதும், மிச்சமும் இருக்கும். ஈட்டி இன்று நினைத்தபோது கிடைக்கிற மரம் இல்லை. தமிழ்நாட்டில் 1994-இல் வந்த ரோஸ்வுட் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்தப் பட்டா நிலத்தில் நிற்பதைக்கூட அனுமதி இல்லாமல் வெட்ட முடியாமல் இருந்தது. 2017-இல் இருந்து சர்வதேச வியாபாரத்துக்கும் கட்டுப்பாடு. அதனால் இந்தப் பட்டறையில் புது ஈட்டி வாங்குவதே இல்லை. இடிக்கிற பழைய வீடுகளில் இருந்து வரும் கட்டில் கால், உடைந்த பெட்டி, ஜன்னல் சட்டம், இவைதான் மூலப்பொருள். இந்த அலமாரிக் கதவின் பின்னணி முழுவதும் முன்பு ஒரு கட்டிலின் தலைமாட்டுப் பலகையாக இருந்ததாம்.

ஜன்னல் ஓரம் இன்னொன்றைப் பார்த்தேன். விரல் அகலத்தில் மரப்பட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் பாதி கறுப்புக் காகிதத்தால் மூடியிருந்தது, மீதிப் பாதியில் வெயில். பலா, மஞ்சக்கடம்பு, வேங்கை, பூவரசு, தேக்கு, ஈட்டி. அக்கா காகிதத்தை விலக்கிக் காட்டினார். மூடிய இடத்தில் பலா பளிச்சென்ற மஞ்சள், வெயில் பட்ட இடத்தில் தேன் நிறம். ஈட்டி அதற்கு நேர் எதிர். வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. அதாவது பூ இருண்டுகொண்டே போகும், பின்னணி வெளுத்துக்கொண்டே வரும். காலப்போக்கில் இரண்டும் நெருங்கிவிடும். அதனால் எல்லா இதழையும் பலாவில் வெட்டாமல், முன்பக்க இதழ்களுக்கு மஞ்சக்கடம்பும் பின்பக்க இதழ்களுக்குப் பலாவும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இந்த முடிவுக்காக மாதக்கணக்கில் பட்டைகளைத் தொங்கவிட்டு வைத்திருந்ததுதான் என்னை அசத்தியது. கடைசியில் அலமாரியைப் பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியப் போவதில்லை.

ஞாயிறு, பாறசாலை

ஞாயிறு பட்டறை கிடையாது. அக்கா வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். மார்த்தாண்டம் போய், அங்கிருந்து களியக்காவிளை. சோதனைச் சாவடி தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறுகிறது. பேச்சு அப்படிச் சட்டென்று மாறுவதில்லை. 1956 நவம்பர் 1-இல் கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நாலு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது பாறசாலை இருக்கும் நெய்யாற்றின்கரைப் பக்கம் கேரளத்திலேயே நின்றது. அக்கா படித்தது மலையாளத்தில், வீட்டில் பேசுவது தமிழ். கணக்குப் போடும்போது மட்டும் வாய்க்குள் மலையாளம் வருகிறது.

மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும். சாப்பிட்டதும் உள்ளே இருந்து ஒரு தகர டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். திறந்தால் வைக்கோல்!

கேரளத்தின் தெற்குப் பகுதியில் வைக்கோல் படம் ஒரு பழக்கப்பட்ட கைத்தொழில். நெல்லுத் தாளை ஊறவைத்து, பிளேடால் நீளவாக்கில் கீறி விரித்து, தட்டையாக்கி, கறுப்புத் துணியில் ஒட்டிப் படம் செய்வார்கள். கடலோரம், வள்ளம், தென்னை, கதகளி முகம் என்று திருவனந்தபுரம் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அக்காவின் அம்மா இந்த வேலை செய்தவர். அக்காவும் பள்ளிக்கூட நாளிலேயே பிளேடு பிடித்துவிட்டார். மரத்துக்கு வந்தது பின்னால்தான்.

"வைக்கோல்ல நிறம் கொஞ்சம்தான் உண்டு. ஆனா இதைப் பாருங்கோ" என்று ஒரே தாளில் இருந்து இரண்டு துண்டு வெட்டினார். ஒன்றை நேராகவும் மற்றதைக் குறுக்காகவும் வைத்தார். ஒன்று பளபளத்தது, மற்றது மங்கியது. அட்டையைத் திருப்பினார். இப்போது மங்கியது பளபளக்கிறது. நிறம் மாறவில்லை, நார் ஓடும் திசைதான் வேறு. "மரத்திலயும் இதே கணக்குதான். கொன்றைக்கு அஞ்சு இதழ். அஞ்சும் ஒரே ஏட்டுல வெட்டினாலும், நார் ஒவ்வொண்ணுலயும் காம்புல இருந்து நுனிக்குப் போகணும். அப்பதான் நீங்க நடந்து போகும்போது பூ அசையும்."

நேற்றுப் பட்டறையில் வெட்டி வைத்திருந்த மாதிரிப் பூ ஏன் அவ்வளவு உயிரோடு இருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மரப் படவேலையில் நிறைய பேர் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், ஊதா வேண்டும், பச்சை வேண்டும் என்று சாயம் போட்ட வெனீரைத் தேடுகிறார்கள். இந்த வீட்டில் பார்த்ததை வைத்துச் சொன்னால் நார் திசைதான் பாதி ஓவியம்.

பிரான்சில் 17-ஆம் நூற்றாண்டிலேயே வைக்கோலை ஒட்டி மேசை, பெட்டி அலங்கரித்திருக்கிறார்கள். அக்காவிடம் செல்போனில் படம் காட்டினேன். அவருக்கு அது புதிது. பெரிதாக்கி, ஒட்டின இடத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவங்க துணி வைக்காம நேரா மரத்துல ஒட்டியிருக்காங்க, அதை ஒருநாள் செய்து பார்க்கணும்" என்றார்.

திங்கள், பட்டறை

இன்று வெட்டு. ஒரு நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

வேலை இரண்டு விதமாகப் போகலாம். ஒன்று, ஈட்டி ஏடும் மஞ்சள் ஏடும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, இரண்டையும் சேர்த்து நேராக அறுப்பது. அப்போது இருண்ட பின்னணியில் மஞ்சள் பூ ஒன்றும், மஞ்சள் பின்னணியில் இருண்ட பூ ஒன்றும் ஜோடியாகக் கிடைக்கும். துண்டு எதுவும் வீணாகாது. பிரெஞ்சு அரசவையில் வேலை செய்த ஆந்திரே ஷார்ல் பூல் ஆமை ஓட்டையும் பித்தளையையும் இப்படித்தான் சேர்த்து அறுத்து ஜோடி ஜோடியாகச் செய்தார். குறை என்னவென்றால் வாள் போன வழி இடைவெளியாக நிற்கும். பசையும் மரத்தூளும் வைத்து அடைக்க வேண்டும்.

இன்னொன்று, மேசையைச் சாய்த்து வைத்து அறுப்பது. விளிம்பு சரிவாக வெட்டுப்படுவதால் மேல் ஏட்டுத் துண்டு கீழ் ஏட்டின் ஓட்டைக்குள் இறங்கி, இடைவெளியே இல்லாமல் இறுகிக்கொள்ளும். ஒன்றரை மில்லிமீட்டர் ஏடு, 0.3 மில்லிமீட்டர் வெட்டும் பிளேடு என்றால் சாய்வு பதினொன்று, பன்னிரண்டு டிகிரி. இதில் ஜோடி கிடைக்காது. ஒரு படம்தான், மீதி கழிவு.

மூத்தாசாரிக்கு முதல் வழி பிடிக்கும். மரம் வீணாவதை அவரால் பார்க்க முடியாது. அக்காவுக்கு இரண்டாவது. "இதழுக்கும் இதழுக்கும் நடுவுல கறுப்புக் கோடு விழுந்தா அது பூ இல்ல பாட்டா, கோலம்" என்றார். பேச்சு சூடாகவே போனது, மரம் அறுக்கும் மில்லில் இருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு. கடைசியில் இலைகளையும் காம்புகளையும் ஜோடியாக அறுப்பது, பூக்களை மட்டும் சாய்த்து அறுப்பது என்று முடிந்தது. இந்த மாதிரிச் சண்டையைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று தோன்றியது. மூத்தாசாரி தனியாகச் செய்திருந்தால் உறுதியான கதவு வந்திருக்கும், அக்கா மட்டும் செய்திருந்தால் அழகான படம் வந்திருக்கும். இரண்டும் ஒரே பொருளாக வருவதற்கு ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது.

கொன்றைப்பூவைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பத்து மகரந்தக் காம்புகள், அதில் மூன்று மட்டும் நீளமாக வளைந்து வெளியே நீண்டிருக்கும். அக்கா அந்த மூன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றும் தலைமுடியை விடச் சற்றுக் கனம்; வெட்பாலை மரத்தில் அறுத்தது. மூச்சுக் காற்றில் பறக்கும் என்பதால் ஃபேனை நிறுத்திவிட்டார்கள். அந்தப் புழுக்கத்தில் ஒரு காம்பைச் சாமணத்தால் எடுத்து, ஓட்டையில் இறக்கி, மேலே ஈரப் பசைக் காகிதம் ஒட்டி அழுத்தினார். அடுத்த காம்பு. அடுத்தது. வியர்வை மேசையில் சொட்டாமல் இருக்க நெற்றியில் துணி கட்டியிருந்தார்.

மாலையில் தம்பியின் வேலை. அடுப்பில் இரும்புச் சட்டி, அதில் சலித்த ஆற்று மணல். கடலை வறுக்கிறவர் வண்டியில் பார்ப்போமே, அதேதான். மணல் சூடானதும் இதழைச் சாமணத்தால் பிடித்து, காம்போரத்தை மட்டும் மணலுக்குள் செருகுகிறார். சில நொடி. எடுத்தால் அந்த ஓரம் பழுப்பேறி, மேலே போகப் போக வெளிறி, நுனியில் பழைய மஞ்சளாகவே இருக்கிறது. தட்டையான துண்டு ஒரே நொடியில் குழிந்த இதழாகத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் கரி. சூட்டில் மரம் சுருங்கும் என்பதால் எடுத்ததும் ஈரத் துணியில் ஒற்றி வைக்கிறார். மணலின் மேற்பகுதி சூடு குறைவு, அடியில் அதிகம். எவ்வளவு ஆழம் செருகுவது என்பதில்தான் நிழலின் கருமை இருக்கிறது. கைக்கடிகாரம் பார்க்காமல் வாய்க்குள் எண்ணிக்கொண்டே செய்தார். நடுவில் நான் ஒரு கேள்வி கேட்டேன். பதில் சொல்லவில்லை, எண்ணிக்கை முடிந்த பிறகுதான் திரும்பினார்.

செவ்வாய், பத்மநாபபுரம்

அரண்மனை திங்கட்கிழமை விடுமுறை, அதனால் இன்று. மூத்தாசாரியும் கூட வந்தார். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் அரண்மனை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போகும் வரை திருவிதாங்கூர் இங்கிருந்துதான் ஆளப்பட்டது.

பூமுகம் என்கிற முகப்பு மண்டபத்தில் நுழைந்ததும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது மேற்கூரை. தொண்ணூறு விதமான பூக்கள், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை என்று வழிகாட்டி சொன்னார். மூத்தாசாரி பூவைப் பார்க்கவில்லை. கூரைச் சட்டங்கள் சேரும் மூலையைக் காட்டி, "ஆணி தெரியுதா பாருங்கோ" என்றார். தெரியவில்லை. அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் செதுக்கிய பலாமரத் தூணின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். தொடக் கூடாது என்று எழுதியிருந்ததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

உப்பரிகை மாளிகையில் இருக்கும் மூலிகைக் கட்டிலைப் பார்க்கத்தான் நான் அவரைக் கூப்பிட்டிருந்தேன். அறுபதுக்கு மேற்பட்ட மூலிகை மரத் துண்டுகளைச் சேர்த்துச் செய்தது என்றும், டச்சுக்காரர்கள் மன்னருக்குக் கொடுத்த அன்பளிப்பு என்றும் சொல்லி வருகிறார்கள். 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற அதே டச்சுக்காரர்கள். மூத்தாசாரி மருந்துக் குணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் யோசித்தது வேறு. "ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம் உண்டு. மழைக்கு ஒண்ணு கூடுதலா வீங்கும், ஒண்ணு குறைச்சலா வீங்கும். இத்தனையும் ஒரே கட்டில்ல சேர்த்து இன்னும் பிளக்காம நிக்குதுன்னா, அதை இணைச்சவன் லேசுப்பட்ட ஆளில்ல."

தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நனைக்கிற மாவட்டம் இது. மரம் நாருக்குக் குறுக்கே வீங்கும், சுருங்கும். நார் நீளத்தில் கிட்டத்தட்ட அசையாது. கட்டைப் பலகையில் மெல்லிய படத்தை ஒட்டினால், பலகை அசையும்போது படம் கிழியும். அலமாரிக் கதவுக்கு அவர் என்ன பலகை போடுகிறார் என்று அங்கேயே நின்று விளக்கினார். அதை வியாழக்கிழமை நேரில் பார்த்தேன், அங்கே எழுதுகிறேன்.

வெளியே வந்து சர்பத்தும் மட்டி வாழைப்பழமும். விரல் நீளம்தான், ஆனால் அந்த வாசனையும் இனிப்பும் வேறு எந்தப் பழத்துக்கும் இல்லை. இந்த மாவட்டத்தின் பெயரில் புவிசார் குறியீடு வாங்கிய பழம், வந்தால் விடாதீர்கள்.

புதன், திருவனந்தபுரம்

தம்பிக்குப் பித்தளைத் தகடும் கீலும் வாங்க வேண்டியிருந்தது, நானும் ரயிலில் தொற்றிக்கொண்டேன். சாலை பஜாரில் அவர் வேலை முடிந்ததும் பத்மநாபசுவாமி கோயில் பக்கத்தில் இருக்கும் குதிரமாளிகைக்குப் போனோம். சுவாதித் திருநாள் கட்டிய அரண்மனை, கூரைக்கு அடியில் 122 மரக் குதிரைகள். உள்ளே ஒரு யானைத் தந்தச் சிம்மாசனம். இதே ஊர்க்காரர்கள் செய்த இன்னொரு தந்தச் சிம்மாசனத்தைத் திருவிதாங்கூர் மன்னர் விக்டோரியா ராணிக்கு அனுப்பினார். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் அதை வைத்திருந்தார்கள். வடக்கே விசாகப்பட்டினத்தில் 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயருக்காக ஈட்டி, கருங்காலி மரத்தில் தந்தம் பதித்த மேசையும் பெட்டியும் செய்து குவித்தார்கள். வெள்ளை நிறம் வேண்டும் என்றால் தந்தம் என்பதுதான் அப்போது வழக்கம்.

1986-இல் வனவிலங்குச் சட்டத்தில் திருத்தம் வந்ததும் இந்திய யானைத் தந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. தந்தம் செதுக்கியவர்கள் பலர் மரத்துக்கு மாறினார்கள். அது சரியான முடிவு, எந்தச் சிம்மாசனமும் ஒரு யானையின் உயிருக்கு ஈடில்லை. நேற்று முன்தினம் மகரந்தக் காம்புக்கு அறுத்த வெட்பாலை அந்த வெள்ளையைத் தருகிறது. சென்னபட்டணம் பொம்மைகளுக்குக் கடைவதும் இதே மரம்தான். தம்பி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, "எங்க வெள்ளை இதைவிடக் கொஞ்சம் மஞ்சளடிக்கும், ஆனா ஈட்டி மேல அதுதான் எடுப்பா இருக்கும்" என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வியாழன், பட்டறை

ஒட்டும் நாள். காலை ஆறு மணிக்கே கொட்டகையின் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே இரண்டு அடுப்பு எரிந்தது.

முதலில் பலகை. மூத்தாசாரி முழுப் பலகை போடவில்லை. அயினி மரத்தை ஒடுக்கமான பட்டைகளாக அறுத்து, பக்கவாட்டில் ஒட்டி, ஒரு பலகையாக்கியிருந்தார். அதன் இரண்டு முகத்திலும் நார் குறுக்காக ஓடும்படி ஒரு ஏடு. அதற்கு மேல்தான் படம் வரும். படம் வரும் முகத்துக்கு நேர் பின்னால், அலமாரிக்கு உள்ளே யாரும் பார்க்காத பக்கத்திலும், அதே கனத்தில் ஒரு ஏடு. இது இல்லாவிட்டால் பசை காயும்போது ஒரு பக்கம் மட்டும் இழுத்து, கதவு கிண்ணமாக வளைந்துவிடும். இந்தப் பலகை தேக்குச் சட்டத்தின் உட்பக்கப் பள்ளத்தில் பசை இல்லாமல் நிற்கும். சட்டத்தின் மூலைகளில் கழுந்தும் துளையும், மூங்கில் முளையும். ஒட்டுப்பலகை வேண்டாம் என்றவர் கடைசியில் தன் கையாலேயே ஒட்டுப்பலகை செய்திருக்கிறார். மில்லில் வாங்குவதைவிடப் பத்து மடங்கு பொறுமையான ஒட்டுப்பலகை.

பின்னால் ஏடு வேண்டாம், செலவைக் குறையுங்கள் என்று முன்பு ஒரு வாடிக்கையாளர் கேட்டிருக்கிறார். அந்த வேலையையே இவர்கள் எடுக்கவில்லை.

பசை வஜ்ரம், அதாவது விலங்குத் தோலில் இருந்து எடுக்கிற பழைய தச்சர் பசை. கட்டியை ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துக் காய்ச்சினார்கள். கொதிக்க விடக் கூடாது, கொதித்தால் பிடிப்பு போய்விடும். விரல் வைக்க முடியாத சூடு போதும். பெவிகால் இருக்கும்போது ஏன் இந்தப் பாடு என்று பாலிஷ் அண்ணாச்சியிடம் கேட்டேன். "வஜ்ரத்துல தப்பு வந்தா சூடும் ஈரமும் காட்டி இளக்கலாம். நூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் ரிப்பேருக்கு எடுத்தாலும் இதழைக் கழட்டி மாட்டலாம். மத்தது ஒட்டினா ஒட்டினதுதான்."

அதற்கப்புறம் யாரும் பேசவில்லை. வஜ்ரம் குளிர்ந்தால் ஓரிரு நிமிடத்தில் உறைந்துவிடும். தம்பி பலகையில் பசையைத் தேய்த்தார். அக்கா, காகிதம் ஒட்டிய முகம் மேலே வரும்படி படத்தை இரண்டு கையிலும் ஏந்தி, நடுக்கோடு பார்த்து இறக்கினார். மேலே செய்தித்தாள். அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தகரத்தை அண்ணாச்சி சாக்குத் துணியால் பிடித்துத் தூக்கி அதன் மேல் வைத்தார். அந்தச் சூட்டில் உறைந்த பசை மறுபடி இளகும். அதன் மேல் கனத்த பலகை. மூத்தாசாரி கிளாம்பை நடுவில் இருந்து முறுக்க ஆரம்பித்தார். நடு, அப்புறம் இடம், வலம், அப்புறம் ஓரம். பசை நாலு பக்கமும் பிதுங்கி வழிந்தது. ஓரத்தில் தொடங்கியிருந்தால் பசை நடுவில் சிக்கிக் குமிழாக நின்றிருக்கும். ஒரு கதவுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அந்த நேரத்துக்கு எட்டுக் கையும் வேண்டியிருந்தது. இரண்டாவது கதவும் அதே மாதிரி. அப்புறம்தான் ஜன்னலைத் திறந்தார்கள்.

வெள்ளி, பட்டறை

கிளாம்பைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் காகிதத்தை ஊறவைத்து உரித்தார் அக்கா. காகிதத்துக்கு அடியில் இருந்து கொத்துக் கொத்தாகப் பூ. பேச்சு வரவில்லை எனக்கு.

அவர்களுக்கு ரசிக்க நேரமில்லை. மூத்தாசாரி நகத்தால் ஒவ்வொரு இதழாகத் தட்டிக்கொண்டே போனார், காதைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து. வலது கதவில் கீழ்க்கொத்தில் ஒரு இடத்தில் சத்தம் மாறியது, எனக்கே கேட்டது. அடியில் பசை பிடிக்கவில்லை. நார் ஓடும் வழியாகப் பிளேடால் ஒரு கீறல், ஊசியால் கொஞ்சம் சூடான வஜ்ரம், மேலே காகிதம், அதன் மேல் இஸ்திரிப் பெட்டி, அப்புறம் ஒரு கல். மதியம் எடுத்துத் தட்டினார்கள். சரியாகிவிட்டது. கீறல் எங்கே என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

மேற்பரப்பைச் சமன் செய்ய உப்புத்தாளை நேராகப் போடவில்லை. ஈட்டியின் கருந்தூள் பக்கத்தில் இருக்கும் வெட்பாலையின் துளைகளில் ஏறினால் வெள்ளை அழுக்காகிவிடும். அண்ணாச்சி முதலில் அரக்கைச் சாராயத்தில் கரைத்து மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்து அடைத்தார். பிறகு தகட்டால் சுரண்டினார். கடைசியில்தான் உப்புத்தாள், அதுவும் தூளைத் தட்டித் தட்டி. இனி அரக்குப் பாலிஷ் பல கை போட வேண்டும், ஒவ்வொரு கைக்கும் நடுவில் காய விட வேண்டும். அது விஷு வரை ஓடும்.

சாயாவின் போது பணத்தைப் பற்றிக் கேட்டேன். அலமாரிக்கு வரும் தொகையில் மரச் செலவைக் கழித்து, நாளைக் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஷோரூம் வழியாக விற்றால் கையில் வருவது பாதியும் இருக்காது, செய்தவர் யார் என்றும் வாங்குகிறவருக்குத் தெரியாது. இந்த அலமாரிக்கு நேராகவே ஆர்டர் வந்தது அவர்களுக்குப் பெரிய நிம்மதி. இதைப் படிக்கிற யாராவது வீட்டுக்கு மரச்சாமான் செய்யப் போகிறீர்கள் என்றால் பட்டறைக்கே போங்கள். செய்கிறவரிடம் பேசி, எந்த மரம், பின்பக்கம் என்ன போடுகிறார் என்று கேட்டு வாங்குங்கள்.

கதவின் உட்பக்கத்தில் நாலு பேரின் பெயரையும் எழுதி வையுங்கள் என்று சொன்னேன். தம்பிக்கு உடனே பிடித்துவிட்டது. பித்தளையில் சின்னத் தகடு அடிக்கலாம் என்றார். அக்கா தமிழிலா மலையாளத்திலா என்று கேட்டு, இரண்டிலும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். மூத்தாசாரி ஒப்பவில்லை.

"நாலு பேருன்னா எப்படி? ஒன்றரை மில்லிமீட்டர்ல ஏடு அறுத்துத் தந்தானே மில்லுக்காரன், அவன் கை கொஞ்சம் ஆடியிருந்தா இந்தப் படம் உண்டா? அவன் பேரையும் போட்டா போடுங்கோ."

தம்பி தகட்டின் அளவை அழித்து, ஐந்து வரிக்கு மறுபடி வரைய ஆரம்பித்தார். எனக்கு நாலரை மணி ரயில்.